அடிமரமும் கிளையும்: போன்சாய் வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மரங்களைத் தொட்டியில் சிறிய உருவில் வளர்க்கும் போன்சாய்க் கலை குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடிமரத்தைப் பருக்கவைப்பது பற்றியும் கிளைகளை அமைப்பது பற்றியுமே கேட்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக இணைத்து, ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றைப் படித்தால் தெளிவு கிடைக்கும் வகையில் வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான்கு ஆண்டுகளுக்கு முன் நர்சரியில் வாங்கிய, ஆல் இனத்தைச் சேர்ந்த இச்சிக் கன்றை அன்றே ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் நட்டு, மாதந்தோறும் கவாத்து செய்து வருகிறேன். செடி நலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிமரம் இன்னும் சுண்டுவிரல் பருமனைத் தாண்டவில்லை. உரத்தைக் கூட்ட வேண்டுமா?
— வாசகி, மதுரை

பதில்: உரத்தைக் கூட்டிப் பயனில்லை அம்மா. ஆழமற்ற தட்டும் மாதந்தோறும் செய்யும் கவாத்தும்தான் அடிமரத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன.

பட்டைக்கு உட்புறமாகக் கேம்பியம் என்ற மெல்லிய உயிர்ப்படலம் மரத்தைச் சுற்றி இருக்கிறது. அது உட்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் புதிது புதிதாகச் சேர்ப்பதால்தான் தண்டு பருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டிய உணவு இலையில் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. ஆகவே தண்டில் ஓர் இடத்துக்கு மேலே எவ்வளவு இலைகள் தடையின்றி வளர்கின்றனவோ, அந்த அளவுக்கு அந்த இடம் பருக்கும். அடிமரம், கிளை, சிம்பு (நுண்கிளை) ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கீழே வரும் பதில்கள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன. நீங்கள் மாதந்தோறும் கொழுந்துகளை நறுக்கி இலைத்தொகையை ஒரே அளவில் நிறுத்திவைக்கிறீர்கள். ஆழமற்ற தட்டோ வேரையும் அதே அளவில் நிறுத்திவைக்கிறது. உருவாக்கி முடித்த மரத்தை அப்படியே பேணுவதற்கு உரிய முறை இது. அடிமரம் உருவாக வேண்டிய பருவத்தில் இதைக் கையாண்டால், இன்னும் பத்து ஆண்டுகள் கழிந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது.

வீட்டில் ஓர் அடி நிலமாவது இருந்தால் கன்றை மண்ணில் நட்டுவிடுங்கள். நடும்போது ஆணிவேரையும் கீழ்நோக்கிச் செல்லும் தடித்த வேர்களையும் நறுக்கிவிட்டு, தட்டையான தரை ஓடு ஒன்றின்மேல் பக்கவேர்களை நாற்புறமும் பரப்பி வைத்து, அதன்மேல் சில அங்குலம் மண்ணிட்டு மூட வேண்டும். கீழே போக வழியில்லாததால் வேர்கள் பக்கவாட்டில் ஓடிப் பருக்கும். பிற்காலத்தில் அடிமரம் மண்ணைப் பற்றி நிற்கும் அழகு இந்த வேர்ப்பரப்பிலிருந்தே வருகிறது. முதல் நாளில் அமைக்காத வேர்ப்பரப்பைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. நிலம் இல்லாதவர்கள் துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடையில் நட்டு, அந்தக் கூடையை மண் நிரப்பிய பெரிய தொட்டியின்மேல் பாதி புதையும்படி வைக்கலாம். வேர்கள் கூடையின் துளைகள் வழியாகக் கீழ்த்தொட்டிக்குள் இறங்கி வலுவாக வளரும். வேண்டும்போது கூடைக்கு வெளியே நீட்டிய வேர்களை மட்டும் நறுக்கி மரத்தை எடுத்துவிடலாம்.

நட்டபின் கத்தரியைத் தொடாதீர்கள். தலைமைக் குருத்து ஆள் உயரம் போனாலும் போகட்டும். அடிப்பகுதி மேலும் பருக்க வேண்டுமானால், தரைக்குச் சற்று மேலே, மரத்தின் பின்பக்கமாகப் பார்த்து, ஒரு கிளையை முழுச் சுதந்திரத்தோடு நீளவிடுங்கள். இதைத் தியாகக் கிளை என்று சொல்கிறோம். அடிமரத்தைப் பருக்கவைப்பது மட்டுமே அதன் வேலை. வேலை முடிந்ததும் அதை வெட்டி நீக்கிவிடுவோம். அதன் நிழல் மற்றக் கிளைகளின்மேல் விழாதபடி, அடிமரத்தை ஒட்டிய பகுதியில் இலைகளைக் கிள்ளிவிட்டு நுனிப்பகுதியில் மட்டும் இலைகளை விட்டுவைக்கலாம். அடிமரத்தின் பருமனில் பாதியைத் தியாகக் கிளை எட்டுவதற்குள் அதை நீக்கிவிடுவது நல்லது. அதைக் கடந்துவிட்டால் வெட்டுக்காயம் மூடுவதற்கு நெடுங்காலம் ஆகும். நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைக்கும் இச்சி, நிலத்தில் நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் மணிக்கட்டுப் பருமனை எட்டுவது நம் ஊரில் அரிதன்று.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி இச்சியை நிலத்தில் விட்டு வளர்த்தேன். அடிமரம் 6 செ.மீ. குறுக்களவுக்குப் பருத்துவிட்டது. ஆனால் அடியிலிருந்து இரண்டடி உயரம்வரை விளக்குக் கம்பம்போல ஒரே பருமனாக நேராக நிற்கிறது. மேலே போகப்போகச் சிறுத்து, வளைந்து செல்லும் அடிமரம் எப்படிக் கிடைக்கும்? பாதியில் வெட்டலாம் என்கிறார்கள். வெட்டினால் பட்டுப்போகாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெட்டத்தான் வேண்டும். பருமனைத் தடையற்ற வளர்ச்சி தருகிறது; கீழே பெருத்து மேலே சிறுத்துச் செல்லும் வடிவத்தை வெட்டு தருகிறது. இரண்டும் மாறிமாறி நிகழ்ந்தால்தான் அடிமரத்தில் வயது தெரியும்.

சீனாவின் தென்பகுதியில், குவாங்சோ நகரை மையமாகக் கொண்ட லிங்னான் மரபினர் இதையே தம் கலையின் முதன்மையான முறையாக வளர்த்தெடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வாழ்ந்த கோங் தைச்சூ என்பவரை இம்முறையின் முன்னோடியாகக் கருதுகிறார்கள். கம்பி கட்டி வளைப்பதைக் குறைத்துக்கொண்டு, வளரவிட்டு வெட்டுவது, வெட்டிய இடத்தில் தளிர்க்கும் கிளையை மீண்டும் வளரவிட்டு மீண்டும் வெட்டுவது என்று அவர்கள் மரத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வெட்டிலும் திசை மாறுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கு மேலும் பருமன் ஒரு படி குறைகிறது. அப்படி உருவான மரத்தில் தூரிகையால் இழுத்த கோடுகளைப் போன்ற முறுக்கும் திருப்பமும் இருக்கும். நம்மைப் போலவே வெப்பமும் மழையும் மிகுந்த பகுதி அது. நம் புதர்க்காடுகளிலும் வளரும் குரங்கு வெற்றிலை அவர்கள் விரும்பிக் கையாளும் மரங்களில் ஒன்று. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளைவிட லிங்னான் முறை நம் ஊர் மரங்களுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மரத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். அடிப்பருமனைப்போல் ஆறு மடங்கு உயரம் என்பது பலரும் பின்பற்றும் அளவு. அப்படியானால் முடிந்த மரம் ஏறக்குறைய 36 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். முதல் வெட்டைத் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியபின் பல இடங்களில் தளிர்கள் கிளம்பும். வெட்டுக்கு அருகில் உள்ள வலுவான ஒரு தளிரைப் புதிய தலைமையாகத் தேர்ந்து, அது பசுமையாக இருக்கும்போதே கம்பியால் மேல்நோக்கித் திருப்பிவிட்டு, அதன்பின் தடையின்றி வளரவிடுங்கள். அது 4 செ.மீ. பருமனை எட்டியதும், கிளம்பிய இடத்திலிருந்து 9 செ.மீ. உயரத்தில் அதையும் வெட்டுங்கள். அடுத்த தலைமையை 2.5 செ.மீ. பருமன்வரை வளரவிட்டு 6 செ.மீ. உயரத்தில் வெட்டலாம். எஞ்சிய உயரத்தில் மரத்தின் தலைப்பகுதி சிறு கிளைகளால் அமைந்துவிடும். ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கீழுள்ள பகுதியைவிடக் குட்டையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சம நீளமாக வெட்டினால் திருப்பங்கள் இயந்திரம் செய்தவைபோல் தோன்றும்.

பலர் அவசரப்படுவது புதிய தலைமை பருப்பதற்கு முன்பே அதை வெட்டுவதில்தான். 6 செ.மீ. அடிமரத்தின்மேல் பென்சில் பருமனுள்ள தலைமை நின்றால், தடித்த கட்டையில் குச்சியைச் செருகியதுபோல் இருக்கும். கீழ்ப்பகுதியின் பருமனில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும்வரை பொறுத்திருங்கள்.

பட்டுப்போகுமா என்ற அச்சம் இச்சிக்குத் தேவையில்லை. நலமான இச்சி, இலையே இல்லாத முதிர்ந்த கட்டையிலிருந்தும் தளிர்க்கும். ஆல், அரசு, புளி, காகிதப்பூ ஆகியவையும் அப்படியே. மலைப்பகுதிகளில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரத்தை வளர்ப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக்கூடாது. பச்சை இல்லாத ஜூனிப்பர்க் கிளை மீண்டும் தளிர்ப்பதில்லை. வெட்டுவதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் மரத்தை விட்டு வளர்த்து வலுவேற்றுங்கள். அடிமரத்தை வெட்டும் நாளில் வேரைக் கலைக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே ஒரு பருவமாவது இடைவெளி வேண்டும். சமவெளியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ ஜூன், ஜூலை மாதங்களிலோ வெட்டலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேண்டாம். இலை இழந்த மரத்தால் தொட்டியில் தேங்கும் ஈரத்தை உறிஞ்ச முடியாது, வேர் அழுகும்.

முதல் வெட்டை நேராகவே வைத்து, நினைத்த உயரத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலேயே நிறுத்துங்கள்; தளிர் எங்கே கிளம்பும் என்பதை மரம்தான் முடிவு செய்யும். புதிய தலைமை வலுப்பெற்றபின் அதன் அடியிலிருந்து எதிர்ப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சரியும்படி இறுதி வெட்டை வைத்து, ஓரங்களைக் கூரிய கத்தியால் மழித்துவிட வேண்டும். கசியும் பாலை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையோ காயத்துக்கான மெழுகோ பூசுங்கள். வெட்டிய மேற்பகுதியை எறிந்துவிடாதீர்கள். இச்சியில் தடித்த போத்துகளும் (வெட்டி நடும் தண்டுகளும்) வேர்விடும்.

கேள்வி: என் மரத்தில் ஒரே இடத்திலிருந்து நான்கைந்து கிளைகள் புறப்படுகின்றன. அந்த இடம் மட்டும் வீங்கி, கீழே உள்ள தண்டைவிடத் தடித்துவிட்டது. இது நோயா?
— வாசகர், சென்னை

பதில்: நோய் அன்று. நான்கு கிளைகளின் இலைகள் அனுப்பும் உணவும் ஒரே வளையத்தில் இறங்குவதால் அந்த இடம் மற்ற இடங்களைவிட விரைவாகப் பருத்திருக்கிறது. இயற்கையில் பெருமரங்களிலும் இது நிகழும். சிறிய மரத்தில் கண்ணை உறுத்துகிறது. ஓரிடத்தில் ஒரு கிளையும் தலைமையும் மட்டும் இருக்கட்டும் என்று தொடக்கத்திலேயே எண்ணித் தளிர்ப் பருவத்தில் மற்றவற்றைத் தேய்த்து நீக்கிவிட்டால் வீக்கம் வராது. முதல் மழைக்குப்பின் வாரம் ஒருமுறை மரத்தைச் சுற்றிவந்து பார்ப்பது இதற்குப் போதும்.

வீக்கம் வந்தபின் இரண்டு வழிகள் உள்ளன. வீக்கம் சிறிதானால், அதற்குக் கீழே தண்டில் தளிர்க்கும் ஒன்றிரண்டு குருத்துகளைத் தியாகக் கிளைகளாக வளரவிட்டு, கீழ்ப்பகுதியைப் பருக்கவைத்து வேறுபாட்டை மறைக்கலாம். பெரிதானால், வீக்கத்துக்குக் கீழே அடிமரத்தை வெட்டி மேலே சொன்ன முறையில் புதிய தலைமையை உருவாக்குவதே நல்லது. வீங்கிய இடத்தில் விண்பதியம் போட்டு, அதாவது மரத்தில் இருக்கும்போதே பட்டையை வளையமாக உரித்து ஈரப்பொருள் கட்டி, வேர்விடச் செய்தால், அந்த வீக்கமே புதிய மரம் ஒன்றின் அகன்ற அடிப்பகுதியாக அமையும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, எட்டு வயதுப் புளியங்கன்று ஒன்று வைத்திருக்கிறேன். முதல் கிளை இடப்புறம், இரண்டாவது வலப்புறம், மூன்றாவது பின்புறம் என்று வழிகாட்டி நூல்களில் இருக்கிறது. என் புளியில் எல்லாக் கிளைகளும் மேல்நோக்கிச் செல்கின்றன. கம்பி கட்டி இறக்க முயன்றதில் ஒரு கிளை ஒடிந்துவிட்டது. எந்தக் கிளைகளை வைத்துக்கொள்வது? எப்படி இறக்குவது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இடம், வலம், பின் என்று அடுக்கிக் கூம்புபோல் முடிக்கும் வரிசை, பைன் போன்ற ஊசியிலை மரங்களைப் பார்த்து அமைந்தது. அடிமரம் நடுவில் நேரே ஏறிச்செல்ல, கிளைகள் பக்கவாட்டில் தாழ்ந்து நிற்கும் மரங்கள் அவை. புளி அப்படி வளர்வதில்லை. உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் இன்னும் எஞ்சி நிற்கும் பழைய புளியமரம் ஒன்றின் கீழே அரை மணி நேரம் நின்று பாருங்கள். பருத்துக் குட்டையான, பள்ளமும் மேடுமான அடிமரம்; ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே மூன்று நான்கு பெருங்கிளைகளாகப் பிரிவு; அவை மேலெழுந்து, வெளிப்பக்கம் விரிந்து, நுனியில் தாழ்ந்து, கவிழ்த்த குடைபோன்ற இலைக்கூட்டத்தைத் தாங்கி நிற்கும். அந்த வடிவத்தைத் தொட்டியில் கொண்டுவருவதற்குக் கிளைகள் மேல்நோக்கிப் புறப்படுவது குறையன்று. புளியைப் பைன் மரமாக்கும் முயற்சியில் நம்மவர்கள் பல நல்ல மரங்களை வீணாக்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, மரத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே உள்ள கிளைகளை நீக்கிவிட்டு, அதற்கு மேலே வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு திசைகளில் புறப்படும் மூன்று அல்லது நான்கு கிளைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். நேருக்கு நேர் எதிரெதிராக நிற்கும் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். வளைவின் உட்பக்கத்திலிருந்து வரும் கிளையைவிட வெளிப்பக்கத்திலிருந்து வருவது எப்போதும் சிறந்தது. மிகக் கீழே உள்ள கிளை மிகத் தடித்ததாக இருக்க வேண்டும். ஆனால் மரத்தின் இயல்போ நுனிக்கே வலுவைக் கொடுப்பது. நுனிக்குருத்தில் சுரக்கும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழிறங்கிப் பக்கக் குருத்துகளை அடக்கிவைக்கிறது. எனவே மேற்பகுதியை அடிக்கடி நறுக்கி, கீழ்க்கிளைகளை நீண்டநாள் நறுக்காமல் விட்டால்தான் பருமனின் வரிசை சரியாகும். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் ஒரே அளவில் நறுக்குபவர்களின் மரத்தில் கீழ்க்கிளைகள் மெலிந்து, ஒருநாள் காய்ந்தும் போய்விடும்.

ஒடிந்ததற்குக் காரணம், புளியின் முதிர்ந்த கிளை மிகக் கடினமானது, வளையாது. பச்சை நிறம் மாறிப் பழுப்பு ஏறத்தொடங்கும் நேரத்தில், கிளை இன்னும் விரலுக்கு இசையும்போதே கம்பி கட்ட வேண்டும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள அலுமினியக் கம்பி போதும். கம்பியின் ஒரு முனையை அடிமரத்திலோ அருகிலுள்ள மற்றொரு கிளையிலோ ஒன்றரைச் சுற்றாவது உறுதியாகப் பிடிக்கவைத்து, பின்னர் 45 பாகைச் சாய்வில் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு போங்கள். வளைக்கும் இடத்தில் கம்பி வளைவின் வெளிப்பக்கத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை பிளக்காமல் காப்பது அதுதான். வளைக்கும் நாளில் காலையில் தண்ணீர் விடாமல் இருந்தால் கிளை சற்றுத் துவண்டு இசைந்துகொடுக்கும். மோட்டார் வைண்டிங் கடைகளில் கிடைக்கும் செம்புக் கம்பியும் பயன்படும். ஆனால் ஒருமுறை வளைத்தபின் செம்பு இறுகிவிடுவதால் கை பழகியவர்களுக்கே அது ஏற்றது.

முதிர்ந்த கிளையை இறக்கியே ஆக வேண்டுமென்றால், அதன் நடுவில் ரப்பர்த் துண்டு வைத்து நூல் கட்டி, நூலைத் தொட்டியின் விளிம்பில் பிணைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக இழுத்து இறுக்கலாம். என்னைக் கேட்டால், புளிக்குக் கம்பியைவிடக் கத்தரியே நல்லது. கிளை வேண்டிய பருமனை எட்டும்வரை விட்டு, இரண்டு கணுக்களை மட்டும் வைத்து நறுக்குங்கள். நுனிக் கணுவின் குருத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே அடுத்த பகுதி வளரும். வெளிப்பக்கமோ பக்கவாட்டிலோ பார்க்கும் குருத்துக்கு மேலே நறுக்கினால் கம்பியே இல்லாமல் கிளை திரும்பிவிடும்.

கேள்வி: ஆலமர போன்சாயில் விழுதுகள் இறங்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?
— வாசகி, புதுச்சேரி

பதில்: விழுது முளைப்பதற்கு முதலில் வேண்டியது காற்றில் ஈரம். வறண்ட மாடியில் நுனி காய்ந்து நின்றுவிடும். மழைக்காலத்தில் கிளைகளின் அடிப்பக்கத்தில் சிறு முனைகள் தோன்றும்போது, நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை அந்த முனைமேல் பொருத்தி, அதற்குள் ஈரமான தென்னை நார்த்துகளை அடைத்து, குழலின் மறுமுனையைத் தொட்டி மண்ணுக்குள் செருகிவிடுங்கள். குழலுக்குள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் விழுது அதன் வழியே இறங்கி மண்ணைத் தொடும். மண்ணைத் தொட்டபின் அதன் பருமன் விரைவாகக் கூடும். பிறகு குழலை உரித்து எடுத்துவிடலாம்.

விழுது ஊன்றிய கிளை தனியே நீரும் சத்தும் பெறுவதால், ஊன்றிய இடத்துக்கு அப்பால் தடிக்கத் தொடங்கும். எனவே எல்லா விழுதுகளையும் மண்ணில் இறங்கவிடாமல், தாழ்ந்த பெருங்கிளைகளின் விழுதுகளை மட்டும் தேர்ந்து, அடிமரத்துக்கு அருகில் இரண்டு, தொலைவில் ஒன்று என்பதுபோல் இடைவெளி மாற்றி ஊன்றுங்கள். ஆலின் இலை பெரியது. எவ்வளவு பழக்கினாலும் ஓரளவுக்குக் கீழே சிறுக்காது. இரண்டடிக்குக் குறைந்த ஆலமரத்தில் அளவுப் பொருத்தம் வருவது கடினம் என்பதால் பெரிய மரமாகவே திட்டமிடுங்கள்.

கேள்வி: நுண்ணிய சிம்புகள் நிறையக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஓராண்டில் மூன்று முறை இச்சியின் இலைகள் முழுவதையும் கிள்ளினேன். சிம்புகள் வந்தன. ஆனால் கிளைகள் மெலிந்தே இருக்கின்றன. முதல் கிளை வாடுகிறது.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இலைகளைக் கிள்ளுவது, பருமன் வேண்டிய இடங்களில் எல்லாம் பருமன் கிடைத்துவிட்ட மரத்துக்கு உரிய கடைசிக் கட்ட வேலை. இலை போனால் உட்பகுதியில் வெளிச்சம் படுகிறது, உறங்கும் குருத்துகள் விழிக்கின்றன, புதிய இலைகள் சிறியவையாக வருகின்றன. ஆனால் அதே நேரத்தில் கிளையைப் பருக்கவைக்கும் உணவும் நின்றுபோகிறது. மரம் தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் மீண்டும் துளிர்க்கிறது; மூன்று முறை அப்படிச் செய்தால் வலுக்குறைந்த கீழ்க்கிளை முதலில் வாடும்.

இந்த ஆண்டு ஓர் இலையைக்கூடக் கிள்ள வேண்டாம். முதல் கிளையின் நுனியைக் கம்பியால் மேல்நோக்கித் திருப்பி, நல்ல வெயில் படும்படி தொட்டியைத் திருப்பிவையுங்கள். மேல்நோக்கிய நுனி வலுவாக வளரும். மரத்தின் மேற்பகுதியை மட்டும் மட்டாக நறுக்கி அடக்கிவையுங்கள். கிளைகள் வேண்டிய பருமனை அடைந்தபின், ஒவ்வொரு தளிரும் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலை அளவுக்கு நறுக்குவதைத் தொடர்ந்து செய்தாலே கிளை இரண்டாய், நான்காய்ப் பிரிந்துகொண்டு போகும். அதற்குப் பிறகு, மரம் நல்ல வலுவுடன் இருக்கும் ஆண்டில், ஆண்டுக்கு ஒருமுறை, இலைக்காம்பை விட்டுவைத்து இலைகளை நீக்கலாம். அப்போதும் வலுக்குறைந்த கிளைகளின் இலைகளைத் தொடக்கூடாது.

கேள்வி: இடிக்கப்படும் வீடு ஒன்றிலிருந்து பழைய காகிதப்பூ அடிக்கட்டையை எடுக்க உரிமையாளர் இசைவு தந்திருக்கிறார். அடிமரம் தொடைப் பருமன். ஒரு பக்கம் உளுத்திருக்கிறது. எடுக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: தயங்காமல் எடுங்கள். விட்டு வளர்த்தால் பல ஆண்டுகள் ஆகக்கூடிய அடிமரம் உங்களுக்கு ஒரே நாளில் கிடைக்கிறது. எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட்டு, தடித்த வேர்களை அடிமரத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் ரம்பத்தால் அறுத்து, நொறுங்கும் இயல்புள்ள மெல்லிய வேர்களைக் கூடியவரை காத்து எடுங்கள். சலித்த செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் மிகுந்த, தண்ணீர் தேங்காத கலவையில் நட்டு, ஆடாதபடி கட்டி, நிழலில் வையுங்கள். தளிர்கள் ஒரு சாண் நீண்டு முற்றும்வரை உரமிட வேண்டாம்.

உளுத்த பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜூனிப்பரின் இறந்த கட்டையைச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் பூசிப் பல்லாண்டுகள் வெண்மையாகக் காக்கலாம். காகிதப்பூவின் கட்டை மென்மையானது, நம் மழையில் எப்படியும் உளுக்கும். மெத்தென்ற பகுதி முழுவதையும் சுரண்டி எடுத்து, உள்ளே தண்ணீர் தேங்காமல் அடியில் வழி செய்துவிட்டால், அந்தப் பொந்தே அடிமரத்தின் சிறப்பாகிவிடும். உயிருள்ள பட்டை அதன் ஓரங்களில் உருண்டு திரண்டு வரும். கிளைகளைப் பொறுத்தவரை, தளிர் பென்சில் பருமனாகி இறுகுவதற்கு முன்பே கம்பி கட்டிவிடுங்கள். இறுகிய காகிதப்பூக் கிளை அடியோடு பிய்ந்துவிடும்.

இதேபோல் காட்டிலிருந்தும் எடுக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. காப்புக்காடுகளில் இசைவின்றி மரத்தைத் தோண்டுவது குற்றம். அதற்கும் மேலாக, பாறை இடுக்கில் நூற்றாண்டு நின்ற மரம் நம் மாடியில் ஓராண்டில் பட்டுப்போவதற்கே வாய்ப்பு மிகுதி.

கேள்வி: அடிமரம் பருத்துவிட்டது, சிறுத்தும் செல்கிறது. ஆனால் பட்டை வழவழப்பாக இருப்பதால் இளமரமாகவே தெரிகிறது. கத்தியால் கீறிவிட்டால் வெடிப்புகள் வருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கீறாதீர்கள். கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் தழும்புதான் மிஞ்சும். உள்ளே கட்டை பெருக்கும்போது வெளிப்பட்டை இடம்கொடுக்க முடியாமல் பிளப்பதே வெடிப்பு; அதற்கு வளர்ச்சியும் ஆண்டுகளும் வேண்டும். புளியும் வேம்பும் இளமையிலேயே வெடிப்பு காட்டும். இச்சியும் அரசும் நெடுங்காலம் வழவழப்பாக இருப்பது அவற்றின் இயல்பு. அவற்றில் முதுமையைக் காட்டுபவை மண்மேல் பரந்த வேரும், ஒன்றோடொன்று ஒட்டி இணைந்த தண்டுகளும்தான்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசியத் தாவரப் பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டு வருவதாகக் குறிக்கப்படும் அம்மரத்தை, ஹிரோஷிமாவைச் சேர்ந்த போன்சாய்க் கலைஞர் மசாரு யமாகி 1976இல் வழங்கினார். 1945இல் அந்நகரின்மேல் அணுகுண்டு விழுந்தபோது அவர் குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்த மரம் அது. அதன் அடிமரத்தின் செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்தவை. அப்படிப்பட்ட பட்டையுள்ள மரங்களைக் கழுவும்போது தூரிகையால் தேய்த்துச் செதிலை உதிர்த்துவிடக் கூடாது; தூக்கும்போது அடிமரத்தைப் பிடிக்காமல் தொட்டியைப் பிடித்தே தூக்க வேண்டும். போன செதில் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: கம்பி பதிந்து கிளையில் சுருள் தழும்பு விழுந்துவிட்டது. மறையுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இச்சி, காகிதப்பூ ஆகியவற்றில் ஆழமில்லாத தழும்பு கிளை பருக்கப் பருக்க மங்கிவிடும்; ஆழமானது கடைசிவரை தெரியும். கம்பியைச் சுழற்றிக் கழற்ற முயலாமல், ஒவ்வொரு சுற்றையும் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுங்கள். பிறகு அந்தக் கிளையை ஒரு பருவம் நறுக்காமல் விட்டு வளருங்கள். தழும்பு மிக ஆழமாக இருந்தால், அதற்குக் கீழே நல்ல கணு ஒன்று இருக்கிறதா என்று பார்த்து அங்கே வெட்டிப் புதிதாகத் தொடங்கலாம். நம் கோடையில் விரைவாக வளரும் கிளையில் நான்கு வாரத்திலேயே கம்பி பதியக்கூடும். அடுத்த முறை வாரந்தோறும் பார்த்து, பட்டையில் கம்பி அழுந்தத் தொடங்கிய அன்றே வெட்டிவிட்டு, வளைவு நிற்கவில்லையென்றால் வேறு தடத்தில் மீண்டும் கட்டுங்கள்.